ரேம் நிரம்பி லேப்டாப் ஹேங் ஆனால்... பவர் பட்டனைத் தொடாதீங்க!

குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால், குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அங்கே யாரும் கடைசி நிமிடம்வரை காத்திருப்பதில்லை. கம்ப்யூட்டர் காத்திருக்கும். அதுதான் சிக்கல்.

2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் ஆரம்பத்தில் வந்தவற்றுக்கு ரேம் 2 ஜிபிதான். தென்காசியில் ஒரு வீட்டில் அப்படி ஒன்றில், கடைசி நாளில் மகள் கவுன்சலிங் விண்ணப்பம் நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். பிரவுசரில் பத்து டேப், அதில் ஒரு வீடியோ. திடீரென மவுஸ் நகராது.

லேப்டாப் செத்துவிடவில்லை. இடம் போதாமல், ரேமில் இருப்பதை ஹார்டு டிஸ்க்குக்குத் தள்ளுகிறது. அடுத்த நொடியே அதையே திரும்பக் கேட்கிறது. டிஸ்க்கோ ரேமைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. இந்த அலைச்சலிலேயே நேரமெல்லாம் போய்விடும்.

பவர் பட்டனை அமுக்கினால் நிரப்பியதெல்லாம் போச்சு. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்திவிட்டுப் பொறுங்கள். டாஸ்க் மேனேஜர் மெதுவாகத்தான் வரும். 'மெமரி' என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் தின்பது மேலே நிற்கும். அது குரோம் பிரவுசர்தான் என்றால், அவசரப்பட்டு மூடாதீர்கள், விண்ணப்பமும் அதற்குள்தான் இருக்கிறது! குரோமுக்குள் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் டேப் வாரியாகப் பட்டியல் வரும். வீடியோ டேபை மட்டும் முடித்துவிடுங்கள்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு 'எர்லிஊம்' என்ற குட்டி புரோகிராம் உண்டு. ரேம் தீரப்போகிறது எனத் தெரிந்ததுமே, அதிகம் தின்பதை நிறுத்திவிடும், குற்றாலத்துத் தடை மாதிரி. 2020-ல் வந்த ஃபெடோரா 32 டெஸ்க்டாப்பிலேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அது நிறுத்துவது விண்ணப்ப டேபாகவும் இருக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் 'சேவ்' கொடுத்துவிடச் சொல்லுங்கள்.