ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: எங்கிருந்து தேடுவது?

"ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஆனா டிஸ்ப்ளே வரல." சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர்களுக்கு இந்தப் புகார் புதிதல்ல. பாகங்களைத் தேடித்தேடி வாங்கி, வீட்டிலேயே அசெம்பிள் செய்து, பவர் பட்டனை அழுத்தியவருக்குக் கறுப்புத் திரை மட்டும் தெரிந்தால், சந்தேகம் நேராக மதர்போர்டு மீது போகிறது. அதை மாற்றக் கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. புதுக் கணினியில் டிஸ்ப்ளே வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், விட்டுப்போன ஒரு கேபிளோ முழுதாக இறங்காத ஒரு ரேமோதான்.

பவர் வந்ததும் கணினி முதலில் தன்னையே சோதித்துக்கொள்கிறது. இதற்குப் போஸ்ட் என்று பெயர். 1981-இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்தே இந்த வழக்கம் இருக்கிறது. கோளாறு இருந்தால் அது பீப் ஒலியால் சொல்லும். இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றன. எம்எஸ்ஐ இதை ஈஸி டீபக் எல்இடி என்கிறது, ஆசுஸ் க்யூ-எல்இடி என்கிறது. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ, சோதனை அங்கே சிக்கியிருக்கிறது. விளக்கு இல்லாத போர்டு என்றால், ஸ்பீக்கர் பின்னில் ஒரு சின்ன பஸ்ஸரைச் செருகி, பீப் கணக்கை மேனுவலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில் மானிட்டர் கேபிள். கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினியில் எச்டிஎம்ஐ கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். பலர் பழக்கத்தில் மதர்போர்டின் போர்ட்டில் செருகிவிடுகிறார்கள். ஐ5-12400எஃப் போல, எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியின் ரைசன் 5 5600-லும் கிடையாது; 5600ஜி-யில் உண்டு. உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லாத பிராசஸருடன் மதர்போர்டு போர்ட்டில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது. மானிட்டரில் இன்புட் சரியாகத் தேர்வாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்தது பவர். 24 பின் கேபிள் மட்டும் இருந்தாலே ஃபேன் சுற்றும், விளக்கு எரியும். ஆனால் பிராசஸருக்குத் தனியாக ஒரு கேபிள் வேண்டும்: மதர்போர்டின் மேல் மூலையில், பிராசஸருக்கு அருகே இருக்கும் 8 பின் சாக்கெட். கேபினட்டுக்குள் கை நுழையாத இடம் என்பதால் அடிக்கடி விட்டுப்போவது இதுதான். அந்த பிளக் நான்கும் நான்குமாகப் பிரியும். கிராஃபிக்ஸ் கார்டுக்கான பிளக் ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டையும் மாற்றிச் செருக முயலக் கூடாது. கேபிள் கழற்றக்கூடிய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) என்றால், வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைத் தொடவே வேண்டாம். பின் வரிசை மாறியிருந்தால் பாகங்கள் கருகிப்போகும்.

மூன்றாவது ரேம். பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. ரேமின் அடிவிளிம்பில் வரிசையாகத் தங்க நிறப் பட்டைகள் இருக்கும். ஸ்லாட்டில் செருகிய பிறகும் அந்தத் தங்கக் கோடு ஒரு பக்கம் தெரிந்தால், ரேம் பாதிதான் இறங்கியிருக்கிறது. இரு முனைகளிலும் கட்டைவிரலால் அழுத்தினால் 'டக்' என்று கிளிப் பூட்டிக்கொள்ளும். புது ஸ்லாட்டில் பயப்படாமல் அழுத்த வேண்டியிருக்கும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் என்றால், பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகள். சந்தேகம் தீராவிட்டால் ஒரே ஒரு ரேமை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பார்க்க வேண்டும்.

டிடிஆர்5 ரேம் என்றால் பொறுமையும் தேவை. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் முதல் முறை ஆன் செய்யும்போது மெமரி டிரெய்னிங் நடக்கிறது. அது முடியச் சில நிமிடங்கள் ஆகலாம்; அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், டிராம் விளக்கும் எரியும். பயந்துபோய் பவரை நிறுத்தினால் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் விட்டுப் பார்ப்பது நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் சிபியு விளக்கு அணையவில்லையா? பயாஸைப் பார்க்க வேண்டும். உதாரணமாக, ஏஎம்4 சாக்கெட் கொண்ட பி450 போர்டுகள் 2018-இல் வந்தவை. ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில்தான் வந்தது. பழைய பயாஸுடன் கடையில் கிடந்த பி450 போர்டுக்கு 5600 என்பது தெரியாத பிராசஸர். போர்டில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால், ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் புது பயாஸைப் போட்டு, மேனுவல் சொல்லும் பெயரிட்டு அப்டேட் செய்யலாம். நடுவில் கரண்ட் போகக் கூடாது.

இன்னும் வரவில்லை என்றால் போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல் வைக்க வேண்டும். ஆன்டிஸ்டாடிக் பை மேல் வைக்கக் கூடாது. அதன் வெளிப்புறம் மின்சாரம் கடத்தக்கூடும். பிராசஸர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ், தேவையென்றால் கிராஃபிக்ஸ் கார்டு போதும். பவர் ஸ்விட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் கணினி ஆன் ஆகும். வெளியே டிஸ்ப்ளே வந்துவிட்டால், கேபினட்டில் போர்டைத் தாங்கும் ஸ்டாண்ட்-ஆஃப் ஒன்று இடம் மாறி, போர்டின் அடியில் ஷார்ட் ஆகியிருக்கலாம்.

கடைசியாக பிராசஸர் பின்கள். ஏஎம்4-இல் அவை பிராசஸருக்கு அடியில் இருக்கும். இன்டெல் எல்ஜிஏ1700-இலும் ஏஎம்5-இலும் போர்டின் சாக்கெட்டில் இருக்கும். செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் வளைந்த பின் வரிசையிலிருந்து விலகித் தெரியும். வளைந்த பின்னுக்கு வாரண்டி கேட்பது கடினம். அதனால் பெட்டியைப் பிரித்த உடனேயே சாக்கெட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குத் திரும்பப் போக நேர்ந்தால், எந்த விளக்கில் நிற்கிறது, எந்த ரேமை எந்த ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். அடுத்த முறை பணம் கொடுப்பதற்கு முன், போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பிராசஸருக்கு எந்த பயாஸ் பதிப்பு தேவை என்று பார்த்து, அந்தப் பதிப்பு போர்டில் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.