ஐபோனில் கூகுள் அப்ளிகேஷன்கள்

ஆண்ட்ராய்ட் போனைச் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு ஐபோனுக்கு மாறுபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என் ஜிமெயில், போட்டோக்கள், மேப்ஸ் எல்லாம் இதில் கிடைக்குமா?" என்பதுதான். ஆண்ட்ராய்ட் கூகுளின் சிஸ்டம். ஐபோன் ஆப்பிளுடையது. இரண்டும் போட்டி நிறுவனங்கள் என்பதால் இந்தச் சந்தேகம் நியாயமானதே. சாப்ட்வேர் துறையில் பணிபுரிவதால் என்னிடமும் பலர் இதைக் கேட்கின்றனர். கிடைக்கும் என்பதே பதில். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்து கொண்டு பயன்படுத்த வேண்டும். குறிப்பாக, உங்கள் குடும்பப் போட்டோக்கள் விஷயத்தில்.

உறவும் பிரிவும்

2007ல் முதல் ஐபோன் வந்தபோது, அதிலிருந்த மேப்ஸ் கூகுளின் வரைபடங்களையே காட்டியது. 2012 செப்டம்பரில் வெளியான ஐ.ஓ.எஸ். 6ல் ஆப்பிள் அதை நீக்கி, தன் சொந்த மேப்ஸை அமைத்தது. அதில் பிழைகள் மலிந்திருந்தன. அதே மாதம் ஆப்பிளின் தலைமை நிர்வாகி டிம் குக் மன்னிப்புக் கேட்டு கடிதம் வெளியிட்டார். மேப்ஸ் சீராகும் வரை போட்டி நிறுவனங்களின் மேப்களைப் பயன்படுத்தலாம் என்றும் அதில் கூறினார். டிசம்பரில் கூகுள் மேப்ஸ், ஆப் ஸ்டோர் வழியாக ஐபோனுக்குத் திரும்பியது.

விண்டோஸ் போனுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. அதற்கென மைக்ரோசாப்ட் தயாரித்த யு ட்யூப் அப்ளிகேஷனை, தன் விதிமுறைகளுக்கு உட்படவில்லை என்று கூறி 2013ல் கூகுள் தடுத்தது. போட்டியாளரின் போனில் ஓர் அப்ளிகேஷன் இயங்க இரு தரப்பும் மனம் வைக்க வேண்டும் என்பது இதிலிருந்து புரியும்.

டேட்டா எங்கே உள்ளது?

உங்கள் மெயில்கள் கூகுளின் சர்வரில் உள்ளன. போன் அதைப் பார்க்க உதவும் ஜன்னல் மட்டுமே. எனவே ஆப் ஸ்டோரிலிருந்து ஜிமெயிலை டவுன்லோட் செய்து, பழைய யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுத்தால் எல்லாம் அப்படியே கிடைக்கும்.

தொலைபேசி எண்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. ஐபோனின் செட்டிங்ஸ் சென்று, அங்கு காண்டாக்ட்ஸ் பிரிவில் கூகுள் அக்கவுண்ட்டைச் சேர்க்கவும். (புதிய பதிப்புகளில் இப்பிரிவு செட்டிங்ஸில் ஆப்ஸ் என்பதற்குள் இருக்கும்.) அங்கேயே டீபால்ட் அக்கவுண்ட்டாக ஜிமெயிலைத் தேர்ந்தெடுக்கவும். இல்லாவிட்டால் பழைய எண்கள் கூகுளிலும், புதியவை ஐக்ளவுடிலும் எனப் பிரிந்து கிடக்கும்.

மெயில், பிரவுசர் இரண்டுக்கும் டீபால்ட் அப்ளிகேஷனை மாற்றும் வசதியை 2020ல் வந்த ஐ.ஓ.எஸ். 14 தந்தது. அதற்கு முன் மெயிலில் வந்த லிங்க்கைத் தட்டினால் பொதுவாகச் சபாரிதான் திறக்கும். இப்போது குரோமைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஐபோன் குரோமுக்குள் இயங்குவது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின். எனவே கம்ப்யூட்டர் குரோமில் நீங்கள் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

போட்டோக்கள், கவனம்!

ஐபோனில் கூகுள் போட்டோஸ், ஐக்ளவுட் போட்டோஸ் இரண்டையும் இயக்கி வைத்திருப்பவர்கள் பலர். இரண்டு இடத்தில் இருப்பது பாதுகாப்புதானே என்று தோன்றும். போனில் இடம் தீர்ந்தவுடன் கூகுள் போட்டோஸில் உள்ள "ப்ரீ அப் ஸ்பேஸ்" வசதியைத் தட்டுவார்கள். அது பேக் அப் ஆன படங்களைப் போனிலிருந்து நீக்கும். ஆனால் ஐக்ளவுட் போட்டோஸ் என்பது தனிப் பெட்டி அல்ல. போனில் உள்ளதை அப்படியே பிரதிபலிக்கும் கண்ணாடி. போனில் நீக்கினால் ஐக்ளவுடிலும், அத்துடன் இணைந்த ஐபேட், மேக் கம்ப்யூட்டரிலும் படம் நீங்கிவிடும். இரண்டு பிரதி என்று நினைத்தது ஒன்றாகிவிடும்.

அந்த ஒரு பிரதியும் "ஸ்டோரேஜ் சேவர்" முறையில் பதிவாகியிருந்தால், அது தரம் குறைக்கப்பட்ட படம். ஒரிஜினல் வேண்டுமென்றால் ஐபோனின் "ரீசண்ட்லி டெலிட்டட்" ஆல்பத்திலிருந்து 30 நாட்களுக்குள் மீட்க வேண்டும்.

எனவே எந்தப் பட்டனையும் தட்டும் முன், படங்களை உங்கள் கம்ப்யூட்டரில் சேமித்துக் கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் கூகுள் டேக்அவுட் தளம் சென்று, கூகுள் போட்டோஸை மட்டும் டிக் செய்து டவுன்லோட் செய்யலாம். அதை ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலும் காப்பி செய்து வைக்கவும். ஐக்ளவுட் இலவசமாகத் தருவது 5 ஜிபி. கூகுள் தரும் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பகிர்ந்து கொள்கின்றன. இரண்டுமே விரைவில் நிறைந்துவிடும்.

எந்த நிறுவனத்தின் போன் வாங்கினாலும், யாருடைய அப்ளிகேஷனைப் பயன்படுத்தினாலும், குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதியாக இருக்கட்டும். அதற்கு எந்த நிறுவனத்தின் சம்மதமும் தேவையில்லை.