வடகடற் கரையில் திருக்கோணமலையின் பெயர்

இயற்கைத் துறைமுகங்களின் சிறப்பைப் பேசப் புகுந்தோர் எவரும் திருக்கோணமலையைச் சொல்லாது விட்டதில்லை. ஆங்கிலேயர் 1795 ஆம் ஆண்டில் அதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியதும், 1957 இல் தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்து நீங்கியதும் எம் மாணவர்கள் பாடமாகப் படித்த செய்திகளே. ஆனால், அத்துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய மரக்கலம் ஒன்று, இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் நீரிலே மிதந்துகொண்டிருக்கின்றது என்று நாம் வகுப்பிற் கூறியபோது, அவர்கள் முகங்களில் ஐயமே தோன்றிற்று. மரம் உளுத்துப் போகாதா என்று ஒருவன் கேட்டான். பின்வாங்கில் இருந்த மற்றொருவனோ, “அந்தக் கப்பல் இப்ப ஆருக்குச் சொந்தம், சேர்?” என்றான். முதற் கேள்விக்கு உடனே விடை கூறினோம். இரண்டாவது கேள்விக்கு மணி அடிக்கும்வரை பேசியும் விடை முடியவில்லை. அன்று கூறியதும் கூறாது விட்டதுமே இக்கட்டுரை.

அக்கப்பலின் பெயர் ‘ட்ரிங்கோமலி’. திருக்கோணமலை என்பது ஆங்கிலேயர் நாவில் அங்ஙனம் திரிந்தது. பெயர் ஈழத்தினது, பிறப்பு பம்பாயினது. நெப்போலியனோடு நடந்த நீண்ட போரினால் இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிவிட்டமையின், தேக்கு விளையும் பாரத நாட்டிலே போர்க்கப்பல்களைக் கட்டுவிக்க ஆங்கிலக் கடற்படையினர் எண்ணினர். கப்பலின் வரைபடங்கள் 1812 இல் ‘ஜாவா’ என்னும் கப்பலில் அனுப்பப்பட்டன. வழியில், பிரேசில் நாட்டுக்கு அப்பாலுள்ள கடலில், அமெரிக்கரின் ‘கொன்ஸ்டிரியூஷன்’ என்னும் கப்பல் அதனை எதிர்த்து அழித்தது. வரைபடங்களும் அதனோடு போயின. மறுபடியும் வரைந்து அனுப்ப நேர்ந்தது.

பம்பாய்த் துறையிலே தலைமைக் கப்பற்றச்சராக விளங்கியவர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சியர். கப்பலின் முதுகெலும்பு போன்ற ஏராக்கட்டையை 1816 இல் இட்டபோது, தம் சமய வழக்கப்படி அதில் ஒரு வெள்ளியாணியை அறைவித்தார். வீட்டுக்கு நிலையம் எடுக்கும்போது பொன்னும் நவமணியும் இடும் நமக்கு அவ்வழக்கின் பொருள் எளிதில் விளங்கும். 1817 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 12 ஆம் நாள் கப்பல் கடலில் இறக்கப்பட்டது.

மரம் உளுக்காதா என்ற மாணவனுக்கு விடை அத்தேக்கிலேயே இருந்தது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் ஊறியிருப்பதால் அது எளிதில் இற்றுப்போவதில்லை. ஓக்கு மரத்தின் புளிப்போ இரும்பாணியை அரித்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. போருக்கென்று நினைக்கப்பட்ட அக்கலம் 1819 இல் போட்ஸ்மத் துறையை அடைந்தபோது, நெப்போலியன் சென்ற் ஹெலினாத் தீவிற் சிறைப்பட்டு மூன்றாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. போரில்லாத காலத்திற் போர்க்கப்பலுக்கு ஏது வேலை? ஏறக்குறையக் கால் நூற்றாண்டு அது சும்மா கட்டிவைக்கப்பட்டிருந்தது. சோம்பி இருந்ததும் அதன் ஆயுளை நீட்டியது போலும்! பின்னர் 1847 முதல் மேற்கிந்தியத் தீவுகளின் பக்கத்திலும், 1850களிற் பசிபிக் சமுத்திரத்திலும் அது பணிபுரிந்தது. 1860களிலும் 1870களிலும் மேற்கு ஹாட்டில்பூல் என்னும் துறையில் நின்று கடற்படைச் சேமவீரருக்குப் பயிற்சிக் கப்பலாக உதவியது. இவ்வூர்ப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1897 இல் அது உடைப்பதற்கென விற்கப்பட்டது. வீற்லி கொப் என்னும் கனவான் ஒருவர் அதை வாங்கிக் காப்பாற்றினார். அவர் இளைஞரின் பயிற்சிக்கென வைத்திருந்த நெல்சனின் பழைய கொடிக்கப்பல் ‘ஃபூட்ரோயன்ற்’ அதே ஆண்டிற் புயலில் அகப்பட்டு உடைந்திருந்தது. ஆகவே அப்பெயரையே புதிதாக வாங்கியதற்கும் சூட்டினார். திருக்கோணமலையின் பெயர் மறைந்தது, கப்பல் பிழைத்தது. 1932 முதல் அது போட்ஸ்மத் துறையிலே நின்றது. அதன் அருகில் ‘இம்பிளாக்கபிள்’ என்னும் இன்னொரு முதிய கலமும் நின்றது. ரஃபல்கார் போரில் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்று பொருது, பின் ஆங்கிலேயர் வசமான கப்பல் அது. அதைப் பேணப் பணமில்லை என்று கூறி, 1949 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், இரு நாட்டுக் கொடிகளையும் ஏற்றிவைத்துக் கடலுக்கு இழுத்துச் சென்று வெடிவைத்து மூழ்கடித்தனர். மரியாதை முழுவதும் கொடியிலே முடிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற நம் கப்பலுக்கு அக்கதி நேராமற் போனது, அதில் இளைஞர்கள் 1986 வரை வந்து தங்கிக் கடற்பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தமையினாற் போலும்.

இனி அந்த ஹாட்டில்பூலுக்கு வருவோம். வடகடலின் ஓரத்திலுள்ள அவ்வூர், நிலக்கரியை ஏற்றவும் மரத்தை இறக்கவும் என்று 19 ஆம் நூற்றாண்டில் வளர்ந்த துறைமுகம். மேற்கு ஹாட்டில்பூலை உருவாக்கிய றால்ஃப் வாட் ஜாக்சன் என்பவரின் பெயரால் அங்கே 1852 இல் ஒரு கப்பற்றுறை திறக்கப்பட்டது. கப்பல்கட்டுந் தளங்கள் எழுந்தன, உருக்காலைகள் எழுந்தன. 1914 டிசெம்பரில் ஜேர்மானியக் கப்பல்கள் அவ்வூர்மீது குண்டு பொழிந்தன, அதனையும் தாங்கிற்று. தாங்கமுடியாத அடி சமாதான காலத்திலேயே வந்தது. வில்லியம் கிறே கம்பனியார் தம் இறுதிக் கப்பலை 1961 இற் கடலில் இறக்கினர். 1977 இல் உருக்கு உற்பத்தியும் நின்றது. நிலக்கரி ஏற்றுமதி தேய்ந்து துறைகள் வெறிச்சோடின. கையிலே தொழிலறிவும் வீட்டிலே வறுமையுமாக ஓர் ஊரே நின்றது.

அந்நிலையில் 1979 இல் அங்கு இழுத்துவரப்பட்டது ‘வொறியர்’ என்னும் கப்பல். 1860 இற் கடலில் இறக்கப்பட்ட அப்பெரும் இரும்புப் போர்க்கலம், வேல்ஸ் நாட்டுக் கரையொன்றில் ஐம்பதாண்டுகளாக எண்ணெய் ஏற்றும் மேடையாகக் கிடந்து துருப்பிடித்திருந்தது. கப்பல்களைப் பேணுவதற்கென அமைந்த அறநிதிச் சபையார், திருத்தும் வேலைக்கு இந்த வேலையிழந்த ஊரைத் தெரிந்தனர். தச்சர், கம்மியர், இரும்பு ஒட்டுவோர், கயிறு கட்டுவோர் என்று ஊரவர் எட்டாண்டுகள் உழைத்தனர். 1987 ஜூன் மாதத்தில் ‘வொறியர்’ புதுக்கோலம் பூண்டு போட்ஸ்மத்துக்குச் சென்றது. கரையில் நின்று வழியனுப்பியவர்களுக்கு அன்று பெருமை எவ்வளவு இருந்ததோ, வெறுமையும் அவ்வளவு இருந்திருக்க வேண்டும். பெண்ணை வளர்த்துக் கட்டிக்கொடுத்த வீடு போலத் துறை கிடந்தது.

அதே 1987 இல், முதுமையால் தளர்ந்த ‘ஃபூட்ரோயன்ற்’ மிதவைமேல் ஏற்றப்பட்டு ஹாட்டில்பூலுக்கு வந்து சேர்ந்தது. நூற்றாண்டுக்கு முன் பயிற்சிக் கப்பலாய் நின்ற அதே ஊர்! திருத்தும் வேலை 1990 இல் தொடங்கியது. 1992 இல் கப்பலுக்கு அதன் பழைய பெயரை மீளச் சூட்டினர். அதனை உடைமையாகக் கொண்ட சபையும் ‘ட்ரிங்கோமலி’ அறநிதிச் சபை என்று பெயர் மாற்றிக்கொண்டது. ‘வொறியர்’ திருத்தத்தில் தேர்ந்த கைகள் ஊரிலே ஆயத்தமாக இருந்தன. இற்றுப்போன பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினர். உறுதியானதை இருந்த இடத்திலேயே விட்டனர்; இற்றதை மட்டும் மாற்றினர். பலகை இடுக்குகளிற் கலப்பற்று இட்டுக் கீலால் அடைத்தனர். அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு வேய்ந்தனர். மூன்று பாய்மரங்களையும் நிறுத்தினர். 2001 இல் வேலை முடிந்தது. பதினொரு ஆண்டு உழைப்புக்குப் பத்து மில்லியன் பவுணுக்கு மேற் செலவாயிற்று. அதன் பின்னும் பம்பாய்த் தேக்கே கப்பலிற் பெரும்பங்கு என்பதுதான் எமக்கு வியப்பு. முகப்பிலே தலைப்பாகை அணிந்த கீழைத்தேயத்தவர் ஒருவரின் சிற்பம் அந்தக் குளிர்காற்றை எதிர்நோக்கி நிற்கின்றது.

இம்முறை கப்பல் ஊரைவிட்டுப் போகவில்லை. முற்காலத்திற் கப்பல்களைப் பழுதுபார்க்க அமைத்த கற்கட்டுத் தொட்டியொன்றில் நீரை நிறைத்து, அதிலே அதனை மிதக்கவிட்டனர். ஐரோப்பாவில் இன்றும் மிதக்கும் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது இதுவே. உலகத்திலோ, இதனிலும் மூத்ததாக மிதப்பது போஸ்டன் நகரில் நிற்கும் ‘கொன்ஸ்டிரியூஷன்’. முதல் வரைபடங்களைக் கடலோடு போக்கிய அதே பகைவன்தான்!

யாருக்குச் சொந்தம் என்ற மாணவனின் கேள்வி இங்கேதான் வருகின்றது. உடைப்பவர் கையிலிருந்து கப்பலைக் காத்தவர் ஒரு தனிமனிதர். அவர் காலத்துக்குப் பின் அதைக் காத்தது ஒரு சபை. நம் ஊர்களில் கோயிலுக்கும் மடத்துக்கும் கேணிக்கும் காணி எழுதிவைத்து, அதைத் தருமகர்த்தாக்களிடம் ஒப்படைக்கும் வழக்கம் உண்டல்லவா? காணி தருமகர்த்தாவினது அன்று. விற்க அவருக்கு உரிமையில்லை. வரும் பயன் ஊருக்கு. அறநிதிச் சபை என்பதும் அத்தகையதே. சபையிற் பணம் குறைந்தால் அது பொதுமக்களிடம் கையேந்தவேண்டும், கணக்கும் காட்டவேண்டும். ‘ட்ரிங்கோமலி’ச் சபையார்க்கும் அது நேர்ந்தது. அன்பர்களின் கொடையும், அரசாங்க லொத்தரின் பயனைப் பழம்பொருட் பாதுகாப்புக்குப் பங்கிடும் நிதியமும் உதவியிராவிட்டால், பாய்மரம் நிறுத்தியிருக்க முடியாது. 2016 இல் அவ்விடம் பிரித்தானிய அரச கடற்படையின் தேசிய நூதனசாலையோடு இணைந்தது. ஊரவர் சிறு சபையாக நின்று எவ்வளவு தூரம் தூக்கலாம், எப்போது பெரிய தோள் ஒன்றை நாடவேண்டும் என்பதற்கு இதனை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வதிற் பிழையில்லை.

எல்லாவற்றையும் நாம் புகழ்ந்துரைக்கப் போவதில்லை. தொட்டியைச் சுற்றி 1990களிற் கட்டப்பட்ட ‘வரலாற்றுத் துறை’ என்னும் வீதி, நெல்சன் காலத்துக் கடைகளும் வீடுகளுமாகக் காட்சியளிக்கின்றது. அழகுதான், ஆயினும் அவை பழமை போலக் கட்டிய புதுமைகள். அந்த இடத்தில் நெல்சன் காலத்தில் அத்தகைய வீதி இருந்ததில்லை. நிலக்கரி சுமந்தவனும் தளத்தில் இரும்பு அறைந்தவனும் அந்தத் துறைக்கு உரியவர்கள். அவர்கள் நினைவுக்கும் அங்கே நிறைய இடம் வேண்டும். உண்மைக் கப்பலின் பக்கத்திற் பொய்முகப்புக்களை நிறுத்துவது, பழைய கற்றூணுக்குச் சீமெந்துப் பூச்சுப் பூசி நிறந்தீட்டும் நம் கோயிற் திருப்பணிகளையே எமக்கு நினைவூட்டுகின்றது. ஆனால் மக்கள் வருகின்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் வருகின்றார்கள். வெறிச்சோடிய நீரின் ஓரம் மறுபடியும் ஆளரவம் கேட்பது சிறிய காரியமன்று.

கப்பல்கட்டுதல் என்றவுடன் எம் மனம் வடமராட்சிக் கரைக்கே ஓடுகின்றது. வல்வெட்டித்துறையிற் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். நம்மவரான மாலுமிகளே அதனைச் செலுத்தி, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைவரை கொண்டுபோய்ச் சேர்த்தனர். ஊர்க் கம்மாலையில் அடித்த ஆணியும் உள்ளூர்த் தச்சர் கையளவுமாக அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்த அக்கலத்தை எண்ணும்போது, அதை ஒரு தருமகர்த்தா சபை பொறுப்பேற்றிருந்தால் என்ற நினைவு எழாமல் இல்லை. அக்கேள்வியையும் அந்தப் பின்வாங்கு மாணவனே ஒரு நாள் கேட்பான் என்று காத்திருக்கின்றோம்.

ஹாட்டில்பூலிலோ வேலை இன்னும் ஓயவில்லை. மரக்கலத்துக்குக் கடல் நீர் அவ்வளவு பகைவன் அன்று. உப்பு மரத்தைக் காக்கும். மேலிருந்து விழும் மழைநீர்தான் பலகை இடுக்குகளிற் புகுந்து உளுக்கச் செய்வது. அவ்வூரிலே மழைக்குக் குறைவில்லை. ஆதலால், தளப் பலகைகளில் எங்கே கசிகின்றது என்று பார்த்து, பழைய கலப்பற்றைக் கிளறி எடுத்துப் புதியதை அடிக்கும் உளிச் சத்தம் ஆண்டுதோறும் அங்கே கேட்டுக்கொண்டிருக்கின்றது.