மூட்டு வலி இடம் மாறுதா? குழந்தையின் இதயத்தை கவனிங்க!

தொண்டை வலி சரியாகி 2, 3 வாரம் கழித்து குழந்தைக்கு காய்ச்சல். முழங்கால் வீங்கி, தொட்டாலே வலிக்கிறது. சில நாளில் அது குறைந்து கணுக்காலுக்கோ மணிக்கட்டுக்கோ தாவுகிறது. 'வளர்ற பிள்ளைன்னா கால் வலிக்கும்' என்று தைலம் தேய்த்து விட்டுடாதீங்க. 5 முதல் 15 வயதுக்குள் அதிகம் வரும் ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை விரட்ட வந்த எதிர்ப்பு சக்தி, உடலையே தாக்குவதுதான் இந்த நோய். மூட்டு ஆறிவிடும். இதய வால்வில் ஏற்படும் பாதிப்போ நிரந்தரமாகிவிடலாம். மூச்சு வாங்குதா, படபடக்குதா பாருங்க. சிலருக்கு கை, கால் தானாகத் துள்ளும்; கையெழுத்து திடீரென கோணலாகும். பாவம், அதற்கும் திட்டுதான் விழும்!

டாக்டரிடம் பழைய தொண்டை வலியையும் மறக்காம சொல்லுங்க. ரத்தப் பரிசோதனை, எக்கோவில் உறுதியானால் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல வருஷம் போடணும். வலி போயிடுச்சேன்னு நடுவில் நிறுத்தினால், அடுத்த தொண்டைத் தொற்று வால்வை மேலும் கெடுத்துவிடலாம்.