உங்களுக்குத் தெரியுமா? அராவிய பல் மீண்டும் வளராது

பல்லை அராவி அழகுபடுத்துவது மலாய் மண்ணில் நூறாண்டுக்கும் மூத்த வழக்கம்! இளையோருக்கு இதைச் சடங்காகவே செய்தார்கள். சிலாங்கூரில் அதிகாரியாக இருந்த வால்டர் ஸ்கீட், 1900இல் வெளியான ‘மலாய் மேஜிக்’ நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

• இன்று பல் மருத்துவர் வைரத்துகள் பதித்த நுண்முனையால் கூர் ஓரங்களைச் சீராக்குகிறார். எடுப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பல்லின் வெளிப்படலமான எனாமலில் நரம்பு இல்லை. அதனால், மரத்துப்போகச் செய்யும் ஊசி பெரும்பாலும் தேவைப்படாது.

• உடலிலேயே மிகக் கடினமானது எனாமல். ஆனாலும், ஒருமுறை அராவினால் திரும்ப வளராது.

• பதிவு பெறாதவர் பல் மருத்துவம் பார்த்தால், மலேசியாவின் 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டப்படி 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ 6 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பிரிக்பீல்ட்ஸோ கிள்ளானோ, மருத்துவரின் நடப்பு ஆண்டுத் தொழில் சான்றிதழைப் பார்த்த பிறகே நாற்காலியில் அமருங்கள்.