ஸ்பூனைக் கண்டு ஏமாறும் மீன்!

டீ கலக்கும் ஸ்பூனால் மீன் பிடிக்க முடியுமா?

முடியும்! அமெரிக்காவில் ஏரிக்கரைகளில் அப்படித்தான் பிடிக்கிறார்கள். ஆனால் அந்த ஸ்பூனுக்குக் கைப்பிடி கிடையாது. ஒரு முனையில் தூண்டில் நரம்பு, மறுமுனையில் முள். பளபளக்கும் தகடுதான் இரை!

கை தவறி விழுந்தது

இதைப்பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். வெர்மாண்ட் மாநிலத்தில் ஜூலியோ பியூல் என்பவர் படகில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை தவறி ஸ்பூன் ஏரியில் விழுந்தது. மின்னிக்கொண்டே கீழே போன ஸ்பூனை ஒரு பெரிய மீன் பாய்ந்து கவ்வியது! வீட்டுக்குப் போனார். இன்னொரு ஸ்பூனின் கைப்பிடியை அறுத்தார். முள்ளைப் பற்றவைத்தார்.

கதை எப்படியோ, 1852-ம் ஆண்டில் அவர் தூண்டில் ஸ்பூனுக்குக் காப்புரிமை வாங்கியது உண்மை.

வாணலி மீன்

அந்த நாட்டு ஏரிகளில் "புளூகில்" என்று ஒரு மீன் உண்டு. உள்ளங்கை அகலம். தட்டையான உடம்பு. செவுள் ஓரம் நீலம். முழுசாக வாணலியில் போட்டுப் பொரிக்கலாம். அதனால் இந்த வகை மீன்களுக்கு "வாணலி மீன்" என்றே பெயர்.

பெரும்பாலும் கால் கிலோ கூடத் தேறாது. ஆனால் 1950-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி, அலபாமா மாநிலத்தில் கெட்டோனா ஏரியில் ஒரு புளூகில் சிக்கியது. எடை 4 ராத்தல் 12 அவுன்ஸ்! இரண்டு கிலோவுக்கும் மேல்! அதுதான் உலக சாதனை.

பெரியதைப் பிடிப்பது எப்படி?

புழுவைக் கட்டிப் போட்டால் குஞ்சு மீன்கள் மொய்த்துக் கொறித்துவிடும். பெரிய மீன் வருவதற்குள் முள் காலி. தகட்டைக் கொறிக்க முடியுமா?

புளூகில்லுக்கு வாய் சிறியது. ஆகவே ஸ்பூனும் சிறியதாக இருக்கவேண்டும். 2 அல்லது 3 கிராம் போதும். தூர எறிந்து, கொஞ்சம் மூழ்க விடுவார்கள். பிறகு மெதுவாக இழுப்பார்கள். வளைந்த தகடு ஆதலால், தண்ணீர் தள்ளத் தள்ள அது இப்படியும் அப்படியும் ஆடும். அடிபட்ட குஞ்சு மீன் தள்ளாடுவது போலவே இருக்கும். இழுப்பதை நிறுத்தினால் படபடவென்று ஆடிக்கொண்டு கீழே இறங்கும். பல சமயம் மீன் கவ்வுவது அப்போதுதான். பொறுமை இல்லாதவர் சரசரவென்று இழுத்துவிட்டு, ஏரியில் மீனே இல்லை என்பார்!

குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். அப்போதும் விடுவதில்லை. பனிக்கட்டியில் துளை போட்டு, அதன் வழியே ஸ்பூனை இறக்கி ஆட்டுவார்கள்.

காவல் காக்கும் தகப்பன்

இந்த மீன் இனத்தில் பிள்ளை வளர்ப்பது தகப்பன்! ஆழமில்லாத இடத்தில் வாலால் குழி பறிக்கும். தாய் முட்டையிட்டுப் போய்விடும். தகப்பன் துடுப்பால் விசிறியபடி காவல் நிற்கும். எது நெருங்கினாலும் பாயும். ஸ்பூன் வந்தாலும் பாயும். சிக்கிக்கொள்ளும்!

தகப்பன் போனதும் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். அதோடு முடிவதில்லை. பெரிய ஆண் மீன்கள் குறைந்தால், சின்ன ஆண் மீன்கள் அவசரமாகக் குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும். வளர்ச்சி நின்றுவிடும். நாளடைவில் ஏரி நிறையப் பொடி மீன்தான்.

மின்னசோட்டா மாநிலத்தில் இதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். சில ஏரிகளில் ஒருவர் நாளொன்றுக்கு 10 மீன்தான் வைத்துக்கொள்ளலாம். வேறு சில ஏரிகளில் ஐந்தே ஐந்து!