குளக்கட்டின் வயிற்றுக்குள்ளே

வாங்கோ, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுங்கோ! மன்னாரில், முருங்கன் பக்கம், கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழே கிடக்கிற சின்னக் குளங்களில் ஒன்றின் கட்டு இது. வீதியால் போகிறவர் கண்ணுக்கு இது புல் முளைத்த வெறும் மண்மேடு. நாலு மாடு மேயும், ஒரு கொக்கு நிற்கும். இதன் வயிற்றுக்குள்ளே நடக்கிற வேலையைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு மூச்சு வாங்கும். அவ்வளவு இருக்கிறது!

முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கோ. முருங்கன் கறுப்புக் களி. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ரயிலேறிப் போனது இந்த ஊர்க் களிதான். ஆவணி வெயிலில் இது வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கையே போகும். ஐப்பசி மழை விழுந்ததும் களி ஊதிப் பெருத்து அந்த வெடிப்பைத் தானே மூடிக்கொள்ளும். என்ன ஒரு மண்! ஆனால் களி ஊறிப் பெருக நேரம் வேண்டும். முதல் மழையே பேய்மழையாகி, வெடிப்பு மூடுமுன் வெள்ளம் வந்து முட்டினால் அந்த வெடிப்பே தண்ணீருக்கு வழி. அதனால்தான் கட்டைப் பார்க்கிறவர்கள் மாரிக்கு முன்பே குனிந்து குனிந்து நடக்கிறார்கள்.

இனி உள்ளே. எந்த மண்கட்டுக்குள்ளும் தண்ணீர் ஊறிக்கொண்டேதான் இருக்கும். குளத்துப் பக்கம் உயரமாக நுழைகிற ஈரம், கட்டின் வயிற்றுக்குள் மெல்ல மெல்லச் சரிந்து, மறுபக்க அடிவாரத்தில் வந்து முடியும். கட்டு அடியில் அத்தனை அகலமாக இருப்பது இந்தச் சரிவை நீளமாக்கத்தான். அடிவாரத்தில் வருகிற கசிவு தெளிவாக இருந்தால் நிம்மதி. கலங்கி வந்தால்? ஓடு, ஆளைக் கூப்பிடு! கட்டு தன் மண்ணையே கழுவி வெளியே அனுப்புகிறது என்று பொருள்.

அப்போது செய்கிற வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓட்டையை அடைக்கப் போகமாட்டார்கள். அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் இன்னொரு வழி பார்க்கும். ஊற்றைச் சுற்றி மண்மூட்டைகளை வட்டமாக அடுக்கி, அதற்குள் தண்ணீரை ஏறவிடுவார்கள். வட்டத்துக்குள் மட்டம் ஏற ஏற, உள்ளிருந்து தள்ளுகிற வேகம் தணிந்து, கலங்கல் தெளியும். தண்ணீரின் பாரத்தாலேயே தண்ணீரைக் கட்டிப்போடுகிற வித்தை! தவறவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கந்தளாய்க் குளம் காட்டியது. 1986 ஏப்ரல் 20, விடியுமுன் அந்தப் பெரிய மண்கட்டு உடைந்தது. 120க்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

கட்டுக்குள் குடியிருப்பவர்களையும் அறிமுகப்படுத்த வேண்டும். கறையான் புற்றெடுக்கும், கறையானைத் தேடி அழுங்கு கிண்டும், எலியும் நண்டும் உடும்பும் வளை தோண்டும். கட்டின்மேல் பெருமரம் நின்றால் அதன் வேர் இருக்கும்வரை மண்ணைப் பிடிக்கும். மரம் பட்டு வேர் உக்கினால் அந்த இடம் குழாயாகிவிடும். கட்டின் உடம்புக்குப் புல் போதும். புற்றை வெட்டி அடிவரை போய், களியை ஈரமாக்கி, படை படையாக இடித்து நிரப்ப வேண்டும். மேலே ஒரு கூடை மண் கொட்டி மூடிவிட்டுப் போவது துரோகம்.

இடிப்பதிலும் ஒரு பக்குவம். மண் காய்ந்திருந்தால் இறுகாது, குழைந்திருந்தால் நழுவும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. 1933இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் புரொக்டர் என்ற பொறியியலாளர் இதை அளவாக்கினார்: ஒவ்வொரு மண்ணுக்கும் அது மிக நன்றாக இறுகுகிற ஓர் ஈரப்பதம் உண்டு. முன்பு எருமைகளை மேலும் கீழும் நடத்தி மிதிக்கவிட்டார்கள். இப்போது றோலர் உருள்கிறது. கைப்பிடிச் சோதனை மட்டும் மாறவில்லை!

சரி, இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது? றிட்டிகலவில் பிறந்து, அநுராதபுரத்தைத் தொட்டு, 164 கிலோமீற்றர் ஓடி அரிப்புக்கு அருகே கடலில் விழுகிற மல்வத்து ஓயாதான் நம் அருவியாறு. தேக்கம் என்ற இடத்தில் பழைய கல்லணை அதை மறிக்க, ஒரு பங்கு வடக்கே கட்டுக்கரைக்கும் ஒரு பங்கு தெற்கே அகத்திமுறிப்புக்கும் திரும்புகிறது. கட்டுக்கரையைத் தாதுசேன மன்னன் கட்டியதாகச் சொல்லும் மரபு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு திருத்தினான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் மீண்டும் எழுப்பினர். பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் குளத்தை அண்டி அகழ்ந்தபோது சுடுமண் உருவங்களோடு ஒரு பழங்குடியிருப்பே வெளிவந்தது. அந்தத் தாய்க்குளத்தின் வாய்க்கால்கள் நானாட்டான், உயிலங்குளம், அடம்பன் பக்கமெல்லாம் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னக் குளங்களை நிரப்புகின்றன. மேற்குளத்து மிச்சம் கீழ்க்குளத்தின் வரவு.

வெள்ளத்தை அடக்குவதும் இந்தச் சங்கிலிதான். புரட்டாதியில் குளங்கள் வற்றிக் கிடக்கும். முதல் பெருமழை அந்த வெறும் வயிறுகளுக்குள் போய்விடும். நூறு குளம் ஆளுக்குக் கொஞ்சம் விழுங்கினால் ஊருக்கு வருகிற வெள்ளம் எவ்வளவு தணியும் என்று எண்ணிப் பாருங்கோ! ஆனால் கார்த்திகையில் எல்லாம் நிரம்பிய பிறகு இன்னொரு மழை வந்தால்?

இதுதான் கட்டின் பெரிய சிக்கல். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், 1913 வெள்ளத்தில் டேற்றன் நகரம் அழிந்த பிறகு ஐந்து மண் அணைகளைக் கட்டினார்கள். 1922இல் வேலை முடிந்தது. அவற்றின் அடியிலுள்ள நீர்வழிகளுக்குக் கதவே கிடையாது. சாதாரண நாளில் ஆறு தன்பாட்டில் போகும், வெள்ளம் வந்தால் மட்டும் பின்னால் தேங்கி மெல்ல வடியும். வெள்ளத்துக்கென்றே இடத்தைச் சும்மா வைத்திருக்கிற வசதி! மன்னாருக்கு அது கட்டாது. ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீற்றர் மழை; அதில் பெரும்பங்கு மாரி மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடும். அதைப் பிடித்து வைத்தால்தான் காலபோகம் விளையும், சிறுபோகத்துக்கும் ஏதாவது மிஞ்சும். ஒரே கட்டு தண்ணீரைச் சேர்க்கவும் வேண்டும், வெள்ளத்துக்கு இடம் விடவும் வேண்டும். துருசை, அதாவது மதகை, இன்றைக்குத் திறப்பதா, நாளை வரை பொறுப்பதா என்று கமக்காரரும் நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும் வானத்தைப் பார்த்து முடிவெடுக்கிற அந்த நாட்களில் எனக்கு நித்திரை வராது. கலங்கிய கசிவைத் தேடுகிற அதே அக்கறையோடு இந்த முடிவும் எடுக்கப்படவேண்டும். சின்னக் குளம்தானே என்று கணக்கெடுக்காமல் விட்டால் மேலே ஒன்று உடைய, கீழேயுள்ளவை வரிசையாகப் போகும்.

மேலே நடப்பது இங்கே தெரியும். 1957இல் அநுராதபுரத்துக்கு அருகே நாச்சதூவக் குளம் உடைந்ததும் இதே ஆற்று வழியில்தான். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழையில் மல்வத்து ஓயா பெருகி மன்னாரின் தாழ்ந்த நிலங்களை மூழ்கடித்தது.

குளம் நிரம்பி மிஞ்சுகிற தண்ணீருக்காகக் கட்டைவிடத் தாழ்வாக ஒரு வழியைக் கல்லால் கட்டி விட்டிருப்பார்கள். அதுதான் வான். மண்கட்டின் தலைக்கு மேலே தண்ணீர் ஏறிப் பாய்ந்தால் கட்டு கரைந்துபோகும். வானால் பாய்ந்தால் ஊர் தப்பும். குளம் வான் பாயத் தொடங்கினால் பாருங்கோ, ஊரே திரண்டுவிடும்! வீச்சுவலையும் கூடையும் சத்தமும். ஜப்பான் மீன், விரால், கெளுத்தி எல்லாம் துள்ள, பிள்ளைகள் தொடையளவு தண்ணீரில் நிற்பார்கள். கட்டைப் பார்க்கிற விதானை மட்டும் எதிர்ப்பக்கமாக, கட்டின் வெளி அடிவாரத்தை நோக்கி இறங்குவார். நீங்கள் மீனுக்குப் போறதென்றால் போங்கோ. நான் அவருக்குப் பின்னால் போகிறேன். கசிவு தெளிவாக வருகிறதா என்று பார்க்கவேணும்!